பேரவைக் கூட்டமும் குப்பைக் கூடையும்

பேரவைக் கூட்டம் என்பது ஆண்டுக்கொரு முறை அங்கத்தினர் அனைவரும் ஒன்றுகூடிச் சங்கத்தின் கணக்கைக் கேட்டறியும் நாளாகும். அன்று வாசிக்கப்படும் வரவு செலவை எல்லோரும் கவனிக்கின்றனர். கூட்டம் கலைந்த பின் மண்டபத்தில் எஞ்சிக் கிடப்பதை எவரும் கவனிப்பதில்லை. அதுவும் சங்கத்தின் செலவே.

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் செலவுச் சீட்டுகளை நாம் பார்வையிட நேர்ந்தது. ஹோட்டல் மண்டபமொன்றில் பேரவை நடந்திருந்தது. பிளெக்ஸ் பதாகை, காகிதக் குவளை, குடிநீர்ப் பாட்டில், விருந்தினருக்குச் செயற்கை இழைப் பொன்னாடை எனப் பணம் போயிருந்தது. அதே சங்கத்தின் கிடங்கிலோ அங்கத்தினர் நெய்த பருத்தித் துண்டுகள் விற்பனையாகாமல் அடுக்கிக் கிடந்தன. கூலி பாக்கி கேட்க வந்து நின்ற நெசவாளர் ஒருவரின் முன்னிலையில் அச்சீட்டுகளைப் புரட்ட நமக்கே கூச்சமாயிருந்தது.

இப்பொருள்களின் தன்மையைச் சற்று ஆராய்வோம். காகிதக் குவளை வெறும் காகிதமன்று. தேநீர் கசியாதிருக்க அதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூசப்படுகிறது. ஆகவே அது எருக்குழியில் முழுவதும் மக்குவதில்லை. பழைய காகிதத்தோடு சேர்த்துக் கூழாக்குவதும் எளிதன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களுள் பிளாஸ்டிக் பூசிய குவளைகளும் தட்டுகளும் அடங்கும். பிளெக்ஸ் பதாகை பி.வி.சி. என்னும் பொருளால் ஆனது. அதை எரித்தால் நச்சுப்புகை எழும். நூறு மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பதாகைகளை 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசும் தடை செய்துள்ளது.

இவையின்றிக் கூட்டம் நடத்த இயலுமா என ஐயுறுவோர் உண்டு. சிக்கிம் மாநிலம் அரசுக் கூட்டங்களிலும் விழாக்களிலும் பாட்டில் குடிநீரை 2016-ஆம் ஆண்டிலேயே விலக்கியது. கேரளத்தில் 2015-இல் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளில், எறியும் பொருள்களுக்குப் பதிலாகக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களைக் கொள்ளும் பசுமை நெறிமுறை கடைப்பிடிக்கப்பட்டது. அத்துணைப் பெரிய கூட்டத்திற்கு இயன்றது நமக்கு இயலாதா?

இருநூறு அங்கத்தினர் இருமுறை தேநீர் அருந்தினால் நானூறு குவளைகள் குப்பையாகும். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தம்ளர்களை எடுத்தால் ஒன்றும் குப்பையாகாது. குடிநீருக்குப் பானையோ குடமோ வைக்கலாம். வாழையிலையை அங்கத்தினரின் தோட்டத்திலிருந்தே விலைக்கு வாங்கலாம்; உண்ட பின் அது மாட்டுக்கோ எருக்குழிக்கோ பயன்படும். பதாகையைக் காடாத் துணியில், ஆண்டினைக் குறிக்காமல் எழுதினால் பல ஆண்டுகள் உதவும். பொன்னாடைக்குப் பதில் சங்கத்துத் துண்டையே போர்த்தலாம். இவ்வாறு செலவாகும் பணம் அங்கத்தினரின் தறிக்கும் வயலுக்கும் திரும்பி வரும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உள. கூட்டங்களால் விளையும் புகையில் பெரும்பங்கு பெரும்பாலும் பயணத்தினாலேயே உண்டாகிறது. எனவே பஸ் நிலையத்திற்கு அருகிலுள்ள இடத்தைத் தேர்ந்து, ஒரே ஊரார் ஒரே வண்டியில் வருதல் நலம். குளிர்சாதன மண்டபமே வேண்டுமாயின் 24 டிகிரியில் வைக்கச் சொல்லுக. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. சாப்பிடுவோர் எண்ணிக்கையை முன்னாளே கேட்டறிந்தால் சோறும் வீணாகாது.

இவற்றைக் கூட்டத்தன்று பேசிப் பயனில்லை. மண்டபத்திற்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னரே நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி, ஹோட்டல்காரரிடம் ஒரு படி கொடுத்துவிட வேண்டும். அடுத்த பேரவையில் கணக்கு வாசிக்கப்படும்பொழுது, கூட்டச் செலவில் எவ்வளவு அங்கத்தினரிடமே திரும்பியது என்று கேட்பது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமையாகும். அக்கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.