அடுத்த பிளேஸ்டேஷன் வந்தால் கேம்கள் சீக்கிரம் வருமா? வதந்தியும் 30 வருடக் கணக்கும்

"பிஎஸ்6 மட்டும் வரட்டும் ப்ரோ, பெரிய கேம் எல்லாம் ரெண்டே வருஷத்துல ரெடியாயிடும்!"

இப்படி ஒரு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கலாம். புது கன்சோல் பற்றிய பேச்சு கிளம்பும்போதெல்லாம் கூடவே கிளம்புகிற வதந்தி இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோதே (2021 பிப்ரவரி 2) அதன் விலை 49,990 ரூபாய். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும் தொகை. இப்போது வாங்கலாமா, அடுத்ததுக்குக் காத்திருக்கலாமா என்று முடிவெடுக்கும் முன் இந்த வதந்தியைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

வதந்தி எங்கிருந்து வருகிறது?

2025 அக்டோபரில் சோனியின் மார்க் செர்னியும் ஏஎம்டி நிறுவனத்தின் ஜாக் ஹுயினும் ஒரு வீடியோவில் தோன்றினார்கள். செர்னிதான் பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டையும் வடிவமைத்த தலைமைப் பொறியாளர். இன்னும் சில வருடங்களில் வரவிருக்கும் கன்சோலுக்கான மூன்று தொழில்நுட்பங்களை அதில் விளக்கினார்கள். மூன்றுமே திரையில் படத்தை வேகமாகவும் துல்லியமாகவும் வரைவதற்கானவை.

'படம் வேகமாக வரும்' என்பது கைமாறிக் கைமாறி 'கேம் வேகமாக வரும்' என்று ஆகிவிடுகிறது. அதோடு ஏஐ பற்றிய பேச்சும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

செர்னி காட்டிய கணக்கு

2020 மார்ச்சில் பிஎஸ்5 பற்றிப் பேசியபோது செர்னி ஒரு கணக்கைக் காட்டினார். புது மெஷின் கைக்கு வந்தபிறகு, அதில் கிராபிக்ஸின் அடிப்படை வேலைகளை ஓட வைக்க டெவலப்பர்களுக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதுதான் அது.

முதல் பிளேஸ்டேஷனில் 1 முதல் 2 மாதம். பிஎஸ்2-வில் 3 முதல் 6 மாதம். பிஎஸ்3-ல் 6 முதல் 12 மாதம். பிஎஸ்4-ல் மறுபடியும் 1 முதல் 2 மாதம். பிஎஸ்5-ல் ஒரு மாதத்துக்கும் குறைவு.

அப்படியென்றால் பிஎஸ்5 காலத்தில் கேம்கள் கொட்டியிருக்க வேண்டும் இல்லையா? சோனிக்குச் சொந்தமான 'நாட்டி டாக்' ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம்.

முதல் பிளேஸ்டேஷனில் 1996, 97, 98, 99 என்று வருடத்துக்கு ஒன்றாக நான்கு 'கிராஷ்' கேம்கள். வேலை செய்யவே சிரமமான பிஎஸ்3-ல்கூட 2007, 2009, 2011, 2013 என்று நான்கு கேம்கள். பிஎஸ்4-ல் மூன்று. அதில் கடைசியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வெளியானது 2020 ஜூனில். அடுத்த புத்தம்புது கேமை அறிவிக்கவே 2024 டிசம்பர் ஆகிவிட்டது. நடுவில் வந்தவை பழைய கேம்களின் மெருகேற்றிய பதிப்புகள்தான்.

மெஷின் எளிதாகிக்கொண்டே போனது. கேம் தாமதமாகிக்கொண்டே போனது.

நடவு மெஷின் வந்தால் பயிர் சீக்கிரம் விளையுமா?

டெல்டாக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். நடவு மெஷின் வந்தபிறகு, பல பேர் சேர்ந்து செய்த வேலை சீக்கிரம் முடிகிறது. அதற்காக 155 நாள் ரகமான சி.ஆர். 1009 நெல் 100 நாளில் கதிர் முற்றிவிடுமா? நடவுக்கு ஆகும் நாள்தான் குறையும். பயிரின் வயது அப்படியேதான் இருக்கும்.

கேமிலும் அதே கதைதான். மெஷினைப் பழக்கும் வேலை முதல் சில மாதங்களோடு சரி. அதன்பிறகு கதை, நடிப்பு, ஆயிரக்கணக்கான பொருள்களை வரைவது, விளையாடிப் பார்ப்பது, சுவாரஸ்யம் இல்லையென்றால் கலைத்துவிட்டு மறுபடி கட்டுவது என்று வேலை நீண்டுகொண்டே போகும். மெஷினின் சக்தி கூடக்கூட, திரையில் எதிர்பார்க்கப்படும் நுணுக்கமும் கூடுகிறது. மிச்சமான நேரத்தை அதுவே தின்றுவிடுகிறது.

2023-ல் அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் சரியாக மறைக்கப்படாமல் வெளியான சோனி ஆவணங்களில் இதற்கான கணக்கு இருக்கிறது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமுக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். உச்சக்கட்டத்தில் வேலை பார்த்தவர்கள் சுமார் 200 பேர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கேமுக்கு 21.2 கோடி டாலர், சுமார் 300 பேர், ஐந்து வருடம்.

ஏஐ இதில் சில வேலைகளைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் எது சுவாரஸ்யம் என்று ஆடிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் குறுக்குவழி இல்லை.

அப்போ சீக்கிரம் வரவே வராதா?

வரும். ஆனால் அது வேற ரகம். ஏடிடி 43 மாதிரி 110 நாள் குறுவை ரகம்.

2024 செப்டம்பரில் வந்த 'ஆஸ்ட்ரோ பாட்' சுமார் 60 பேர் கொண்ட அணி மூன்று வருடத்தில் செய்தது. அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. இன்சோம்னியாக் ஸ்டூடியோ 2018-ல் 'ஸ்பைடர்மேன்' தந்து, 2020-லேயே 'மைல்ஸ் மொராலெஸ்' தந்தது. ஏற்கெனவே கட்டிய நியூயார்க் நகரத்தையே மறுபடி பயன்படுத்தியதும், கதையைச் சிறிதாக வைத்ததும்தான் காரணம்.

டொரண்டோவின் விசாய் கேம்ஸ் செய்த 'வெண்பா'வும் சிறிய கேம்தான். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. ஒன்றரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது.

வேகத்துக்கு விலை கொடுப்பது யார்?

வதந்தியை விடுங்கள், கம்பெனியே சொன்ன கணக்கும் தப்பியிருக்கிறது. 2026 மார்ச்சுக்குள் 12 ஆன்லைன் சேவை கேம்கள் என்று 2022-ல் சோனி திட்டம் சொன்னது. 2023 நவம்பரில் அது 6 ஆகக் குறைந்தது. அந்த வரிசையில் வந்த 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி, செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது. அதைச் செய்த ஸ்டூடியோவும் பிறகு மூடப்பட்டது. அதே வருடம் பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேருக்கு வேலை போனது.

தஞ்சாவூர் மினி டைடல் பார்க்கில் உட்கார்ந்து கோட் எழுதுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்" என்று மீட்டிங்கில் ஒருவர் சொன்னால், ராத்திரி கண் விழிப்பது யார் என்று அவருக்குத் தெரியும்.

வாங்கலாமா, வேண்டாமா?

அடுத்த முறை 'கேம் சீக்கிரம் வருது' என்று படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னது ஸ்டூடியோவா, பெயர் சொல்லாத யாரோவா? அது பெரிய கேமா, சின்னதா? பழைய கேமின் உலகத்தையே மறுபடி பயன்படுத்துகிறார்களா, எல்லாமே புதுசா?

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தச் செய்தியை நம்பி வாங்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்குக் கடையில் இருக்கிற கேம்களில் நீங்கள் ஆட விரும்புவது நான்கைந்தாவது இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பணம் பேங்கிலேயே இருக்கட்டும்.