கல்லில் நிற்கும் கணக்கு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாளைச் சேவிக்கும் அன்பர்கள், அங்குள்ள கல்வெட்டுகளையும் சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். முதலாம் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற ஊராட்சி விதிகள் அவை. ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். வங்கிக் கணக்கேடுகளோடு வாழ்ந்த என்னைக் கைகூப்ப வைத்த விதி அது!

இன்றோ ஊர்க்குளம் தூர்ந்து, பழஞ்சாவடி சரியும்போது வருந்துவதோடு நின்றுவிடுகிறோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து, குளத்திற்குச் செலவான தொகைக்குக் கணக்குக் கேட்போம். எழுபதை நெருங்கியவரும் வாரியப் பொறுப்பேற்க அன்றைய விதி இடமளித்தது. நமக்கும் முதுமை தடையன்று. குளம் காப்பதும் பெருமாள் கைங்கரியமே.