பழைய எடைக்கல்லைத் துலக்கலாமா, இருந்தபடி விடலாமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நம் கடைகளில் நடப்பது எல்லோரும் அறிந்ததே. தராசுத் தட்டு, படி, உழக்கு, கல்லாப்பெட்டியின் பித்தளைப் பூட்டு எல்லாம் பின்கட்டுக்குப் போகும். புளியும் செங்கல் தூளும் போட்டு, போதாததற்குக் கடையில் வாங்கிய பாலிஷும் போட்டுத் தேய்த்த பிறகு பளபளவென்று மேசைக்குத் திரும்பும். புழக்கத்தில் உள்ள சாமான்களுக்கு இது சரிதான். ஆனால் மின்னணுத் தராசு வந்தபின் மூலையில் ஒதுங்கிவிட்ட தாத்தா காலத்துச் சாமான்களும் அதே குவியலில் சேர்ந்துவிடுகின்றன. அல்லது பாத்திரக் கடையில் எடைக்குப் போகின்றன. இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் நமக்குத்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

தூத்துக்குடி வியாபாரக் குடும்பங்களுக்கு இந்த விஷயம் கூடுதலாகவே பொருந்தும். மன்னார் வளைகுடாவில் நம் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன்பின் அந்தத் தொழிலின் கருவிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. முத்து வியாபாரிகள் வைத்திருந்த பித்தளைச் சல்லடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குள் அடங்கும் சிறு கிண்ணங்கள். 'பெட்டி' என்று பெயர். ஒரு வரிசைக்குப் பத்து. கிண்ணங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அடியில் உள்ள துளைகளின் எண்ணிக்கைதான் மாறும். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று போகும். 20 துளைக் கிண்ணத்தில் நழுவாமல் நிற்பது பெரிய முத்து. 1000 துளையிலும் நழுவுவது தூள். இப்படி அளவு பிரித்தபின் நிறமும் உருட்சியும் பார்த்து, ஆணி முதலாகத் தரம் வைத்து, கழஞ்சு, மஞ்சாடி எடையில் நிறுத்து விலை பேசுவார்கள்.

இந்தச் சல்லடையில் சரக்கே துளைதான். செங்கல் தூள் போட்டு நாலு வருஷம் தேய்த்தால் துளையின் விளிம்பு மழுங்கும், துளை அகலும். பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது முத்துச் சல்லடையாக இராது, ஓட்டை விழுந்த கிண்ணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எடைக்கல்லிலும் இதே கதைதான். மெட்ரிக் எடைக்கான சட்டம் 1956-ல் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய சேர், பலம் எடைகளில் குத்தியுள்ள எழுத்தும் முத்திரையும்தான் அது எந்தக் காலத்தது, யாருடைய அதிகாரத்தில் இருந்தது என்று சொல்பவை. புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க முதலில் மறைவது அவைதான். முத்திரை மங்கிய கல்லை ஆய்வாளர் ஏற்க மாட்டார் என்பது நமக்குத் தெரியும். பழம்பொருள் சேகரிப்பவரும் அவரைப் போலத்தான்.

தேய்மானத்துக்கும் கறைக்கும் மதிப்பா என்று சிரிக்க வேண்டாம். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்து விளையாடிய நீலச் சட்டை 2022 மே மாதம் லண்டன் ஏலத்தில் சுமார் 71 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. அந்தச் சட்டைகள் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் மெக்சிகோ நகரத்துக் கடை ஒன்றில் அவசரமாக வாங்கி, சின்னம் தைத்து, எண் ஒட்டியவை. (அந்தக் கடைக்காரர் என்ன விலைக்கு விற்றாரோ!) விளையாடிய அன்று எடுத்த படங்களோடு தையலையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து, இது அதே சட்டைதான் என்று உறுதி செய்த பிறகே விற்றார்கள். புதிதுபோல ஆக்கியிருந்தால் எதை வைத்து ஒப்பிடுவது? ஹாக்கிக்குப் பேர்போன நம் கோவில்பட்டி வீடுகளில் உள்ள பழைய மட்டைக்கும் கோப்பைக்கும் இது பொருந்தும். மட்டையில் பிடி சுற்றிய பழந்துணியைப் பிரித்து வார்னிஷ் அடிக்காதீர்கள். வெள்ளி முலாம் பூசிய கோப்பையைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முலாம் கரைந்து பித்தளை தெரியும். பொறித்த வருஷமும் பெயரும் கூடவே போகும்.

அப்படியானால் எதையும் தொடாமல் விட்டுவிடலாமா? நம் ஊரில் அதுவும் ஆகாது. உப்பளமும் கடற்காற்றும் உள்ள இடம் இது. பித்தளை, வெண்கலத்தின் மேல் வழவழப்பாகப் படிந்த பழுப்பு நிறம் உலோகத்துக்குக் காப்பு, அதை விட்டுவிடுங்கள். ஆனால் அங்கங்கே புள்ளிபுள்ளியாக, விரல் பட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால் அது வேறு. உப்பு உள்ளே இறங்கி, ஈரக்காற்றோடு சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் இரசாயனக் கூடம் அமைத்ததே இப்படி அரித்துப்போன வெண்கலச் சிலைகளைக் காப்பாற்றத்தான். அத்தகைய பொருளைத் தண்ணீரிலோ புளியிலோ போடாமல், மற்றவற்றிலிருந்து பிரித்து, மூடி இறுகிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலம் நம் சரக்குப் பெட்டிகளிலேயே வரும். பிறகு விவரம் தெரிந்தவரிடம் காட்டலாம். மற்றதற்கெல்லாம் மெல்லிய தூரிகையும் காய்ந்த பருத்தித் துணியும் போதும். தூசு போகட்டும், நிறம் இருக்கட்டும்.

காகிதத்தில்தான் நம்மவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள். வ.உ.சி. 1906 அக்டோபரில் பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1911-ல் கம்பெனி கலைந்தது. பங்குக்குப் பண மதிப்பு போய்விட்டது. ஆனால் அந்தப் பங்குப் பத்திரம் ஒன்று உங்கள் வீட்டுப் பழைய பேரேட்டுக்குள் இருந்தால், அதைப் போன்ற சொத்து வேறு இல்லை. மடிப்பில் கிழிந்திருக்கிறதே என்று செலோடேப் ஒட்டினால் சில வருஷங்களில் பசை மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேஷன் செய்வது அதைவிட மோசம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு யாராலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. நகல் எடுத்து நகலைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். மூலத்தை வெயில் படாமல், மடிக்காமல், சுத்தமான காகித உறைக்குள் வையுங்கள். பேரேடுகளைத் துணியில் கட்டி அலமாரியில் தரைக்கு மேலே வைத்தால் கரையான் தொல்லை பாதி குறையும். வசம்புத் துண்டைத் துணி முடிச்சுக்கு வெளியே வைக்கலாம்; ஏட்டுக்குள் வைத்தால் கறை படியும்.

எந்தப் பொருளையும் தொடும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். யார் வாங்கியது, எந்தக் கடையில் இருந்தது, எந்தச் சரக்குக்குப் பயன்பட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேய்த்துக் கெடுத்த கல்லுக்குக்கூட இந்த ஒரு பக்கக் குறிப்பு கொஞ்சம் மதிப்பைத் திருப்பித் தரும். குறிப்பில்லாத நல்ல கல் வெறும் பித்தளைதான்.

பூஜை அறையில் உள்ள குத்துவிளக்குக்கு இதெல்லாம் பொருந்தாது. அதைத் துலக்கி ஏற்றுவதுதான் முறை. எந்த முத்திரையும் கதையும் இல்லாத சாதாரணப் படியைப் பளபளப்பாக்க ஆசையிருந்தாலும் தாராளமாகச் செய்யலாம்.

விற்க நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி 100 வருஷம் கடந்த கலை, வரலாற்றுப் பொருள்கள் தொல்பொருள் கணக்கில் வரும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஏடுகளுக்கு 75 வருஷமே போதும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொழிலாக விற்க உரிமம் வேண்டும். கப்பலில் வருகிறவர் நல்ல விலை சொல்கிறார் என்று கைமாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று: சேரும் பலமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் விற்பனை மேசையில், தராசுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மெட்ரிக் அல்லாத எடையை வியாபாரத்துக்கென வைத்திருப்பது குற்றம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, 'பார்வைக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டிவிட்டால் ஆய்வாளர் வரும் நாளில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.