மகளின் வயதுக்கு ஒரு படம்

தமிழ் சினிமாவில் அம்மா என்றால் பெரும்பாலும் மகனுக்கு அம்மா. மகள் என்றால் அப்பா செல்லம். ‘அபியும் நானும்’, ‘தங்க மீன்கள்’, ‘விஸ்வாசம்’ என்று அப்பா - மகள் படங்களை மளமளவென்று சொல்லிவிடலாம். அம்மாவையும் மகளையும் நடுவில் நிறுத்திய படங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும், வீட்டில் அதிகம் சண்டை போடுவதும், முக்கியமானதைப் பேசாமலே விட்டுவிடுவதும் இந்த இருவர்தான். அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கக்கூடிய ஐந்து படங்கள் இங்கே. மகளின் வயதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது, பத்து வயதில்...

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). தான் தத்துப் பிள்ளை என்பது ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவுக்குத் தெரியவருகிறது. பெற்ற தாயைத் தேடி இலங்கைக்குப் போகிறார்கள். எல்லோரும் பெற்ற தாய் நந்திதா தாஸுக்காக அழுவார்கள். நீங்கள் சிம்ரனின் முகத்தைப் பாருங்கள். வளர்த்த மகளைக் கையைப் பிடித்து இன்னொரு தாயிடம் கூட்டிப்போகும் மனசு எத்தனை பேருக்கு வரும்? அமுதாவாக நடித்த கீர்த்தனா, சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது பெற்றார்.

பன்னிரண்டு, பதிமூன்றில்...

பள்ளிக்கு அம்மா வருவதையே மகள் கூச்சமாக நினைக்கும் வயது. அதற்கு ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ (2012). பெற்றோர் - ஆசிரியர் சந்திப்புக்கு ஸ்ரீதேவி வரும்போது மகள் நெளிகிற நெளிவு, பார்க்கும் மகளுக்கும் தைக்கும். இயக்குநர் கௌரி ஷிண்டே, தன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவே இந்தப் படத்தை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். தமிழ்ப் பதிப்பில் ஒரு காட்சிக்கு அஜித் வருகிறார்.

பத்தாம் வகுப்பில்...

‘அம்மா கணக்கு’ (2016). வீட்டுவேலை செய்பவள் மகள் வீட்டுவேலைக்குத்தானே போவாள் என்று படிப்பை உதறுகிறாள் மகள். அதைக் கேட்ட அம்மா அமலா பால், மகளின் வகுப்பிலேயே மாணவியாகப் போய் உட்காருகிறார். கணக்கில் என்னைவிட அதிக மார்க் எடு, நின்றுவிடுகிறேன் என்று பந்தயம். இயக்குநர் அஸ்வினி ஐயர் திவாரி இதே கதையை இந்தியிலும் எடுத்திருக்கிறார். தேர்வுக் கெடுபிடி ஆட்டிவைக்கும் வீடுகளுக்கு ஏற்ற படம்.

கல்லூரிக்குப் போகையில்...

ஐந்தில் கனமானது இதுதான். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை எழுதினார். மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்புகிறாள் ஒரு பெண். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதைக்குப் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊர் கேட்கக் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த நாவல்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1977இல் அதை ஏ. பீம்சிங் படமாக்கினார். அந்தப் பெண் கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அம்மாவின் முதல் வார்த்தை ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையையும் எப்படித் திருப்பிவிடும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். முடிந்தால் சிறுகதையையும் இருவரும் படித்துவிட்டுப் பாருங்கள்.

மகள் வேலைக்குப் போன பிறகு...

ரிதுபர்ண கோஷின் வங்காளப் படம் ‘உனிஷே ஏப்ரல்’ (1994). ‘ஏப்ரல் 19’ என்று பொருள். அப்பாவின் நினைவு நாள் அது. புகழ்பெற்ற நடனக் கலைஞரான அம்மா அபர்ணா சென்னுக்கு அது நினைவில் இல்லை. டாக்டரான மகள் தேபஸ்ரீ ராய் மறக்கவில்லை. மகள் உயிரையே விடத் துணிகிற அன்றிரவு, இருவரும் முதல்முறையாக மனம்விட்டுப் பேசுகிறார்கள். சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும், “பாத்தியா, பொண்ணுன்னா இப்படி இருக்கணும்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். மகள் முதலில் பேசட்டும். சொல்வது உங்களைப் பற்றிய குறையாகவே இருந்தாலும் முழுசாகக் கேளுங்கள். கங்காவின் அம்மாவிடம் அன்று இல்லாமல் போனது அந்தப் பொறுமைதான்.