ஆய்வேடு கிடைக்கிறது, ஆய்வுத் தரவு கிடைக்குமா?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா' இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால், ஆய்வேட்டின் முடிவைச் சரிபார்க்கத் தேவையான மூலத் தரவு பெரும்பாலும் அதில் இருப்பதில்லை.

உயிரியல் துறையில் இக்குறையைப் போக்க, ஹரியாணாவின் ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. அதுவரை நமது ஆய்வாளர்கள் மரபணுத் தரவுகளைப் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியத் தரவுத்தளங்களிலேயே சேமித்து வந்தனர். தொடங்கப்பட்டபோது புதிய மையத்தின் கொள்ளளவு சுமார் 4 பெட்டாபைட்டாக இருந்தது.

பொது நிதியில் திரட்டப்பட்ட தரவு பிற ஆய்வாளர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம். எனினும், பயிரின் மரபணுத் தரவைப்போல நோயாளியின் தரவைத் திறந்து வைத்துவிட முடியாது. பெயரை நீக்கினாலும், மரபணு வரிசையே அவரையும் அவரது உறவினர்களையும் அடையாளம் காட்டிவிடக்கூடும். எனவே, சில தரவுகள் அனைவருக்கும் திறந்திருக்கும்; மற்றவற்றைப் பெற முன் அனுமதி தேவை.