இழுப்பதா, தள்ளுவதா? கடற்படை பைலட்டுகளின் புதுப் பாடம்

பிளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களில் பலர் விமானம், ஹெலிகாப்டர் இரண்டையுமே ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றில் சேர்ந்தால் அதுதான் டில்ட்ரோட்டர். இறக்கையின் இரு முனைகளிலும் இன்ஜினும் பெரிய ரோட்டரும் இருக்கும். ரோட்டர் வானத்தைப் பார்த்து நின்றால் அது ஹெலிகாப்டர். அதையே முன்பக்கம் சாய்த்தால் விமானம்.

எங்கள் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. பின்னாளில் கார் பந்தயத்துக்குப் பெயர் பெற்றதும் அதே தளம்தான். அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளியில் நம் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே சேர ஆசைப்படும் எங்கள் தெருக் கல்லூரி மாணவர் ஒருவர், "ஹெலிகாப்டர் தெரிந்தவருக்கு டில்ட்ரோட்டர் சுலபம்தானே சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

யார் மாறினார்கள்?

நம் கடற்படையிடம் டில்ட்ரோட்டர் கிடையாது. அமெரிக்கக் கடற்படையிடம் இருக்கிறது. நடுக்கடலில் நிற்கும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஆட்கள், தபால், உதிரிபாகங்கள் கொண்டுபோகும் வேலையை 1960களிலிருந்து சி-2ஏ கிரேஹவுண்ட் விமானம் செய்து வந்தது. அதன் இடத்துக்கு வந்ததுதான் வி-22 ஆஸ்ப்ரேயின் கடற்படை வடிவமான சி.எம்.வி-22பி. இதற்கென 2018 டிசம்பரில் வி.ஆர்.எம்-30 என்ற படைப்பிரிவு சான்டியாகோவில் தொடங்கப்பட்டது. 2021-ல் கார்ல் வின்சன் கப்பலுடன் முதல் பயணம் போனது. எப்-35சி போர்விமானத்தின் இன்ஜின் பாகம் கிரேஹவுண்டுக்குள் நுழையாது, ஆஸ்ப்ரேக்குள் நுழையும். மாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பிரிவுக்கு வந்த பைலட்டுகளில் சிலர் கிரேஹவுண்ட் ஓட்டியவர்கள், சிலர் ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள். சிக்கல் அவர்களின் இடது கையில்தான்.

ஒரே கை, எதிரெதிர் பழக்கம்

ஹெலிகாப்டரில் இடது கையில் கலெக்டிவ் என்ற லீவர் இருக்கும். அதை மேலே இழுத்தால் ஏறும், இறக்கினால் இறங்கும். ஆஸ்ப்ரேயில் அந்த இடத்தில் இருப்பது விமானத்தின் த்ராட்டில் போன்ற லீவர். முன்னே தள்ளினால் சக்தி கூடும், பின்னே இழுத்தால் குறையும். கப்பல் தளத்துக்கு மேலே சில அடி உயரத்தில் வண்டி சட்டென்று இறங்கினால் ஹெலிகாப்டர் பைலட்டின் கை என்ன செய்யும்? யோசிக்காமல் இழுக்கும். ஏற வேண்டிய நேரத்தில் இன்னும் வேகமாக இறங்கும்.

கிரேஹவுண்ட் பைலட்டுக்கு வேறு கவலை. கப்பல் தளத்தைத் தொட்டதும் அவர் முழு சக்தி கொடுத்துப் பழகியவர். கம்பியில் கொக்கி மாட்டாவிட்டால் மறுபடி பறக்க வேண்டுமே! செங்குத்தாக இறங்கும் ஆஸ்ப்ரேயில் அப்படிச் செய்தால் இறங்கிய வண்டி மீண்டும் எழும்பிவிடும்.

இது போதாதென்று அதே லீவரில் கட்டைவிரலால் உருட்டும் சிறு சக்கரம் ஒன்றும் உண்டு. நம் மவுஸில் உள்ள ஸ்க்ரோல் வீல் மாதிரி. ரோட்டரைச் சாய்ப்பது அதுதான். இது இரு தரப்புக்குமே புதிது.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளாதா?

பைலட்டின் கைக்கும் ரோட்டருக்கும் நடுவே மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்று கெட்டால் மற்றவை பார்த்துக்கொள்ளும். ஆனாலும் எல்லாவற்றையும் அவற்றிடம் விட்டுவிட முடியாது.

2000 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் மரானா என்ற இடத்தில் ஓர் ஆஸ்ப்ரே குறைந்த வேகத்தில் மிக விரைவாக இறங்கியது. தான் கீழே தள்ளிய காற்றிலேயே ஒரு பக்க ரோட்டர் சிக்கிக்கொள்ள, வண்டி கவிழ்ந்து 19 பேர் இறந்தார்கள். அதன்பிறகு, அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால் எச்சரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அந்த நிலையிலிருந்து தப்பும் வழி, கட்டைவிரலால் ரோட்டரை முன்னே சாய்ப்பது. பழைய பழக்கத்தில் இல்லாத அசைவு இது.

அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று வடக்கு கரோலினாவில் நடந்ததை நம்மைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒயர்கள் உரசி ஹைட்ராலிக் குழாய் உடைந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. விதிமுறைப்படி பைலட்டுகள் ரீசெட் பட்டனை அழுத்தினார்கள். சாஃப்ட்வேரில் இருந்த பிழையால் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ரோட்டர் கத்திகளின் கோணம் தாறுமாறாக மாறியது. கடைசி 20 விநாடிகளில் பலமுறை அழுத்தினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். நம் பி.சி.யில் ரீசெட் அழுத்தினால் போவது சேமிக்காத ஃபைல் மட்டும்தான்.

2023 நவம்பரில் ஜப்பானின் யாகுஷிமா தீவு அருகே விமானப்படை ஆஸ்ப்ரே ஒன்று கியர்பாக்ஸ் பழுதால் விழுந்து 8 பேர் இறந்தனர். மூன்று மாதம் ஆஸ்ப்ரேக்கள் பறக்கவில்லை. கப்பல்களுக்குச் சரக்கு கொண்டுபோகப் பழைய கிரேஹவுண்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

பிளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசம். அதற்கான ஆஸ்ப்ரே மாதிரியும் கிடைக்கிறது. ஆனால் முதலில் சாதாரண ஹெலிகாப்டரை எடுங்கள். த்ராட்டில் உள்ள ஜாய்ஸ்டிக் தேவை. ஜாய்ஸ்டிக் செட்டிங்ஸில், லீவரை உங்கள் பக்கம் இழுத்தால் ஹெலிகாப்டர் ஏறும்படி அமையுங்கள். பத்து நாள் ஓட்டிப் பழகுங்கள். பிறகு அந்தத் திசையைத் தலைகீழாக்குங்கள்.

அந்த மாணவரை இப்படித்தான் ஓட்ட வைத்தேன். மாற்றிய பிறகும் மேலே பறக்கும்போது அவருக்குச் சிரமமே இல்லை. தரைக்குப் பத்தடி இருக்கும்போது பக்கவாட்டுக் காற்றைக் கூட்டினேன். கை தானாக இழுத்தது, ஹெலிகாப்டர் நொறுங்கியது. "தள்ளணும்னு எனக்குத் தெரியும் சார், கைதான் கேட்கலை" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அவசரத்தில் முந்திக்கொள்வது பழைய பழக்கம்தான். அதனால்தான் ஆஸ்ப்ரேக்கு வரும் பைலட்டுகளைப் பறக்க விடுவதற்கு முன் சிமுலேட்டரில் உட்கார வைக்கிறார்கள். அங்கே எத்தனை முறை விழுந்தாலும் ஆளுக்குச் சேதமில்லை.