கதிர்காமம் போகிற இன்சுலின் போத்தல்

பண்டாரவளையில் ஸ்வெட்டர் போட்டு பஸ் ஏறியவர்கள், வெல்லவாய வருமுன் அதைக் கழற்றி மடியில் வைத்திருப்பார்கள். நாலாயிரம் அடி உயரத்திலிருந்து எல்ல வழியாக இறங்கிவிட்டால் ஆடி மாதத்தில் ஜன்னல் கம்பியே சுடும். கதிர்காமத் திருவிழாவுக்குத் தோட்டங்களிலிருந்து போகிற பஸ்ஸில் சீனி வருத்தக்காரர் இரண்டொருவராவது இருப்பார்கள். அவர்கள் விசிறிக்கொள்ளலாம். பைக்குள் கிடக்கும் இன்சுலினுக்குச் சூடு தாங்கவில்லை என்று சொல்ல வாயில்லை.

இன்சுலின் ஒரு புரதம். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாகாததுபோல, கெட்ட இன்சுலினும் திரும்பாது. திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். திறந்தது 25, மிஞ்சினால் 30 பாகைக்குள் பொதுவாக நாலு வாரம் தாங்கும். கெட்டால் நாறாது, புளிக்காது. ஊசி போட்டும் சீனி ஏறும், தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். நாம் அன்னதானச் சோற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

மிக்ஸ்டார்ட் என்ற கலப்பு இன்சுலின் போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். அடியில் படிந்த வெள்ளை கலைந்து, ஒரே சீராகப் பால்போல் வர வேண்டும். துணுக்குகள் மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படர்ந்ததுபோல் வெள்ளை ஒட்டியிருந்தாலோ போடாதீர்கள். சொலுபிள் இன்சுலின் தண்ணீர்போல் தெளிந்திருக்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தும் கெட்டிருக்கலாம் என்பதுதான் சங்கடம்.

வெயிலைவிட எனக்குப் பயம் பாசத்தின் மேல். அம்மாவின் மருந்து சூடாகக் கூடாதென்று மகன் ஐஸ் வாங்கி, சாப்பாட்டுப் பெட்டியில் நிரப்பி, நடுவில் போத்தலைப் புதைத்து அனுப்புவான். உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது. ஐஸ் வைத்தே ஆக வேண்டுமென்றால் அதைத் துவாயில் சுற்றுங்கள். போத்தலில் படக் கூடாது.

லயத்தில் பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு மண்முட்டி இருக்கிறது. அகலமான சட்டியில் மணல் பரப்பி, நடுவில் சிறு முட்டியை இறக்கி, மணலை நனைத்துவிடுங்கள். போத்தலைப் பொலித்தீன் பையில் கட்டி முட்டிக்குள் போட்டு, ஈரத்துணியால் மூடி, அடுப்படிக்குத் தூரமாகக் காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். கென்யாவின் தடாப் அகதி முகாமை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. 25க்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் இருந்த இன்சுலின், குளிரில் இருந்ததைப் போலவே வேலை செய்ததாம். ஆகவே பிரிட்ஜ் இல்லையென்று ஊசியை விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் ஏறும் சூடு மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

பஸ்ஸில் பை மடியில் இருக்கட்டும். எஞ்சின் மூடிமேல் வேண்டாம். போத்தல் இரண்டிருந்தால் இரண்டு பேர் கையில் கொடுங்கள்.

அடுத்தது விரதம். காலையில் ஊசியைப் போட்டுவிட்டு, பூசை முடியட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். கூட்டத்தில் பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போவார்கள். சீனி 70க்குக் கீழே இறங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பாருங்கள்; தேறாவிட்டால் மறுபடி கொடுங்கள். தேறியதும் சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

விரத நாளில் எத்தனை அலகு போடுவது என்பதைக் கிளினிக்கில்தான் கேட்க வேண்டும். கேட்கிறோமா? கிளினிக் போனால் தோட்டத்தில் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போகும். விடியற்காலை வந்து வரிசையில் நின்றவருக்கு டாக்டர் முன்னால் கிடைப்பது சில நிமிடம். சிங்களத்தில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. மருந்தின் அளவைத் தமிழில் சொல்லச் சொல்வது யாரிடமும் சலுகை கேட்பதல்ல. மறுத்தால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.

பயணத்தைச் சொல்லி மேலதிகமாக ஒரு போத்தல் கேளுங்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். வழியில் போத்தல் உடைந்தால் கதிர்காமத்திலோ மொனராகலையிலோ அரச ஆஸ்பத்திரியில் அந்தக் கொப்பியைத்தான் பார்ப்பார்கள். பாமசியில் வாங்கினால், பிரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்று பார்த்து பில்லும் வாங்குங்கள். பில் தராவிட்டால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977.

இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. விமானத்தில் இன்சுலின் கைப்பையில் வர வேண்டும், கீழே ஏற்றும் பெட்டியில் உறைந்துபோகலாம். இங்கே நமக்குக் கிடைப்பது மில்லிலீற்றருக்கு 100 அலகு. அங்கே 40 அலகுப் போத்தலும் விற்கிறது. அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, நம்முடையதற்குச் செம்மஞ்சள் மூடி. நம் போத்தலில் சிவப்பு மூடி ஊசியை விட்டு 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 அலகு. ஊசியையும் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.